‘மரதன்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக்கூடாது?

கேள்வி: நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை. “ஐ ரான் எ மரதன் அற் ஸ்கூல்” என்று ஒரு வெளிநாட்டு விருந்தினரிடம் சொன்னதும் அவர் வாய்பிளந்துவிட்டார். நான் ஓடியதோ 5 கிலோமீற்றர். இன்னொருவர் “மரதன் மீற்றிங்” என்றார். அங்கே யாரும் ஓடவேயில்லை. இந்தச் சொல்லை எப்படித்தான் பயன்படுத்துவது?

பதில்:

அவர் வாய்பிளந்ததில் ஆச்சரியமில்லை. எங்கள் பேச்சில் மரதன் என்றால் வீதியில் ஓடும் நீண்ட ஓட்டம், அவ்வளவுதான். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குச் சில நாள் முன்னர், விடியற்காலையில் பாடசாலை வாசலில் தொடங்கி, முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் போக, சந்திக்குச் சந்தி தண்ணீர் வாளியோடு பிள்ளைகள் நிற்க நடக்குமே, அதற்கு அதுதான் பெயர். 5 கிலோமீற்றரும் மரதன், 8 கிலோமீற்றரும் மரதன். ஆங்கிலத்தில் அப்படியல்ல. அந்தச் சொல்லுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது: 42.195 கிலோமீற்றர். திருகோணமலை நகரிலிருந்து கந்தளாய் ஏறக்குறைய 40 கிலோமீற்றர். பாடசாலைப் பையன் ஒருவன் கந்தளாயையும் தாண்டி ஓடியிருக்கிறான் என்றுதான் அவர் விளங்கிக்கொண்டிருப்பார்.

உங்கள் ஓட்டத்துக்குச் சரியான பெயர் ‘ரோட் ரேஸ்’. “ஐ ரான் எ ஃபைவ்-கிலோமீற்றர் ரோட் ரேஸ் அற் ஸ்கூல்” என்றால் குழப்பமே வராது. ஓடுகிறவர்கள் இன்னும் சுருக்கி ‘ஃபைவ் கே’, ‘டென் கே’ என்பார்கள். 21 கிலோமீற்றரைக் கொஞ்சம் தாண்டினால் அது ‘ஹாஃப் மரதன்’, 42.195ஐத் தாண்டிய எதுவும் ‘அல்ட்ரா மரதன்’. வேலைக்கு அனுப்பும் சுயவிபரக்கோவையில் “ஸ்கூல் மரதன் சாம்பியன்” என்று எழுதுகிற பழக்கம் எங்கள் பக்கம் நிறைய. எழுதுங்கள், ஆனால் பக்கத்திலேயே தூரத்தையும் போடுங்கள். வாசிப்பவருக்கு ஓட்டத்தைப் பற்றித் தெரிந்திருந்தால், தூரம் இல்லாத அந்த ஒரு வரியால் மற்ற வரிகளிலும் சந்தேகம் வந்துவிடும்.

இந்த முழுமையற்ற எண் எங்கிருந்து வந்தது என்றால், 1896இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஓடியது ஏறத்தாழ 40 கிலோமீற்றர். 1908இல் இலண்டனில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி, அரங்கில் அரச குடும்பத்தினர் அமர்ந்த மேடைக்கு முன்னால் முடித்தார்கள். அது 26 மைல் 385 யார் தூரம், அதாவது 42.195 கிலோமீற்றர் வந்தது. 1921இல் அதையே நிரந்தர அளவாக்கினார்கள்.

இனி ஓடாத மரதன். நீங்கள் கேட்டதில் பிழை விடுவதற்கு அதிகம் இடமுள்ள பகுதி இதுதான். ஒரு காரியம் வழக்கத்தைவிட மிக நீண்டு, அதில் ஈடுபட்டவர்களின் தாக்குப்பிடிக்கும் வலுவைச் சோதித்தால், அதன் பெயருக்கு முன்னால் ‘மரதன்’ போடலாம். இரண்டும் சேர்ந்து இருக்கவேண்டும். 2010 விம்பிள்டன் டென்னிஸில் இஸ்னரும் மஹூவும் 3 நாட்களில் 11 மணி 5 நிமிடம் ஆடியது ‘எ மரதன் மட்ச்’. ஐந்து நாள் டெஸ்ட் போட்டியை அப்படிச் சொல்வதில்லை, ஏனென்றால் அதன் இயல்பே ஐந்து நாள். அதற்குள் நடக்கும் ஒன்று வழக்கத்தை மீறினால் சொல்லலாம்: 2006இல் கொழும்பில் தென்னாபிரிக்காவுக்கு எதிராகச் சங்கக்காரவும் மஹேலவும் சேர்த்த 624 ஓட்டங்கள் ‘எ மரதன் பார்ட்னர்ஷிப்’. ஒரு மணி நேரத்தில் முடியவேண்டிய கூட்டம் ஐந்து மணி நேரம் இழுத்தால் அதுவே உங்கள் விருந்தினர் சொன்ன ‘மரதன் மீற்றிங்’. விடிய விடிய நடக்கிற கூத்துக்கு ‘ஓல்-நைற்’ போதும். அது விடியும்வரை நடப்பதுதான் முறை. நீளமான கயிறு, நீளமான பாலம் போன்ற பொருள்களுக்கு இந்தச் சொல் ஒட்டவே ஒட்டாது. ஆட்கள் மூச்சுப்பிடித்துச் செய்கிற காரியத்துக்குத்தான் அது.

சொல் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். ‘எ மரதன் மூவி’ என்றால் ஒரே படம், மிக நீண்ட படம். ‘எ மூவி மரதன்’ என்றால் ஒன்றன்பின் ஒன்றாகப் பல படங்களை ஒரே இருப்பில் பார்ப்பது. இதை மாற்றிச் சொல்வதைத்தான் அடிக்கடி கேட்கிறேன். “வீ மரதன்ட் த ஹோல் சீரீஸ்” என்று வினைச்சொல்லாக்குவது நண்பர்களோடு கதைக்கும்போது மட்டும்; பரீட்சைத் தாளில் வேண்டாம்.

“இட்ஸ் எ மரதன், நொட் எ ஸ்ப்ரின்ட்” என்பது அறிவுரைத் தொடர். ஆரம்பத்திலேயே வலுவை எல்லாம் செலவழிக்காதே, அளந்து போ என்று பொருள். உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு வருடம் படிக்கப்போகும் பிள்ளைக்குச் சொல்லலாம். இரண்டு இடத்திலும் ‘எ’ வேண்டும். எங்கள் ஆட்கள் விடுகிற பிழை அதுதான். நோயில் களைத்துக் கிடப்பவரிடம் இதைச் சொல்லாமல் விடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். கேட்டுக் கேட்டுத் தேய்ந்த தொடர் அது, ஆறுதலாக இராது. “ஐ ஃபீல் லைக் ஐவ் ரன் எ மரதன்” என்றால் உடம்பு அடித்துப்போட்டதுபோல இருக்கிறது என்று பொருள். கோணேசர் கோயிலுக்கு மத்தியான வெயிலில் ஏறி வந்த விருந்தினர் இதைச் சொன்னால் வாழ்த்துச் சொல்லாதீர்கள், தண்ணீர் கொடுங்கள்.

தமிழுக்குக் கொண்டுவரும்போது ‘மரதன் பேச்சுவார்த்தை’ என்று எழுதாதீர்கள். ‘விடிய விடியப் பேசினார்கள்’, ‘நாள்கணக்கில் இழுபட்டது’ என்று எங்களிடம் நல்ல தமிழே இருக்கிறது.

கடைசியாக, ‘வோக்கதோன்’, ‘ஹக்கதோன்’ (கணினி நிரல் எழுதுகிறவர்கள் கூடி நீண்டநேரம் வேலைசெய்யும் நிகழ்வு) போன்ற சொற்கள். மரதன் என்பது கிரேக்கத்தில் ஓர் ஊரின் பெயர்; பெருஞ்சீரகத்துக்கான கிரேக்கச் சொல்லோடு தொடர்புள்ளது. அந்தச் சொல்லின் ‘அதோன்’ என்ற வாலுக்கு அங்கே தனிப் பொருள் கிடையாது. ஆங்கிலம்தான் அந்த வாலை வெட்டி, நீண்டநேரம் பலர் கூடிச் செய்யும் நிகழ்வு என்ற பொருளில் வேறு சொற்களில் ஒட்டிக்கொண்டது. பழைய மாணவர் சங்கம் நடத்தும் நடைபவனிக்கு ‘வோக்’ என்றே சொல்லலாம். நடக்கும் தூரத்துக்கு ஆட்களிடம் பணம் சேர்த்தால்தான் ‘வோக்கதோன்’ பொருந்தும்.