பினாங்கு வீட்டில் வைத்த பொன்னிற அம்மோனைட் ஏன் மாவாக உதிர்கிறது?

அம்மோனைட் என்பது சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த கடலுயிரி. நம் சோத்தோங்குக்கு (கணவாய்க்கு) தூரத்து உறவு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடியோடு அழிந்துபோனது. சேற்றில் புதைந்த சில ஓடுகளுக்குள் இரும்பும் கந்தகமும் கலந்த பைரைட் என்ற கனிமம் நிரம்பிவிடும். இங்கிலாந்தின் சார்மத் கடற்கரையில் கிடைக்கும் பொன்னிறச் சிறு அம்மோனைட்டுகள் இந்த வகைதான். அழகும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

காற்றிலுள்ள ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் பைரைட் மெல்லச் சிதையும். வாசல் இரும்பு கிரில் துருப்பிடித்து உப்புகிற மாதிரிதான். ஆனால் இதில் கந்தக அமிலமும் உண்டாகும். புதிதாக உருவாகும் உப்பு அதிக இடத்தைப் பிடிப்பதால் ஓடு உள்ளிருந்தே வெடிக்கும். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மாவு படியும், கந்தக நெடி வரும், அடியில் வைத்த பெயர்ச்சீட்டுகூட அரித்துப்போகும். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. ஆகவே திறந்த அலமாரி இதற்கு ஆகாது. காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைத்திருங்கள். குறுக்கே அறுத்து மெருகேற்றி விற்கும் மடகாஸ்கர் அம்மோனைட்டுகளில் பெரும்பாலும் இருப்பது பைரைட் அல்ல, கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். அவற்றுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை.

வார்னிஷோ நகப்பூச்சோ பூசினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் பூச்சையும் தாண்டி ஈரம் மெதுவாக உள்ளே போகும், ஏற்கெனவே உருவான அமிலமும் உள்ளேயே தங்கிவிடும்.