சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் வரும் நடுக்கம்

கேள்வி: வயது 42. எடை குறைக்க இரைப்பை பைபாஸ் அறுவை செய்து 18 மாதமாகிறது. இனிப்பு நீர் மாத்திரையை அப்போதே நிறுத்திவிட்டார்கள். இரண்டு மாதமாக, காலையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் வியர்வை, நடுக்கம், படபடப்பு. போன வாரம் கார் ஓட்டும்போது எந்தச் சந்தியில் திரும்புவது என்றே புரியவில்லை. இனிப்பு நீர் திரும்பிவிட்டதோ என்று பழைய கிளிக்லசைடு மாத்திரையைப் போடுகிறேன். இணையத்தில் பார்த்தால் கணையக் கட்டி என்கிறார்கள். முடியும் கொட்டுகிறது.
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கிளிக்லசைடை இன்றே நிறுத்துங்கள். உங்களுக்குச் சர்க்கரை ஏறவில்லை, இறங்குகிறது. அதை இன்னும் இறக்கும் மாத்திரையை, டப்பாவில் மிச்சமிருக்கிறதே என்று யாரையும் கேட்காமல் விழுங்குவதா? அதன் வேகம் ஒரு நாள்வரை நிற்கலாம். அதுவரை தனியாக இருக்க வேண்டாம்.

காரணம் குடலில் இருக்கிறது. பைபாஸுக்குப் பிறகு சாப்பாடு இரைப்பையின் கீழ்வாசலில் காத்திருப்பதில்லை, நேரே சிறுகுடலில் போய் விழுகிறது. மாவும் சீனியும் அரை மணி நேரத்தில் இரத்தத்தில் ஏறிவிடும். குடலும் ஜிஎல்பி-1 ஹார்மோனை வழக்கத்தைவிடப் பல மடங்கு சுரக்கும். எடை குறையும் முன்பே உங்கள் இனிப்பு நீர் அடங்கியதில் இதற்குப் பங்கு உண்டு. இதே ஹார்மோன் இன்சுலினையும் அளவுக்கு மேல் கிளப்பிவிடுவதால் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை சரிகிறது. பெரும்பாலும் அறுவை முடிந்து ஓராண்டுக்குப் பிறகே இது தலைகாட்டும்.

நடுக்கமும் வியர்வையும் உடல் தரும் முன்னறிவிப்பு. சந்தியில் வழி தெரியாமல் போனது வேறு விஷயம்: அப்போது மூளைக்கே சர்க்கரை போதவில்லை. மருத்துவரைப் பார்க்கும்வரை காரைத் தொடாதீர்கள். அடுத்த முறை வந்தால் விரலில் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். சர்க்கரை 3.0 மில்லிமோல்/லிட்டருக்குக் கீழே இருந்தால், அல்லது பேச்சு குழறினால், மயங்கினால், அன்றே அவசரப் பிரிவு. 4.0-க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ் மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறியதும் ஒரு அவித்த முட்டை. பாக்கெட் மைலோவை மடமடவென்று குடித்தால் இதே சுற்று மீண்டும் தொடங்கும்.

முட்டை, மீன், தௌஹு முதலில். சோறும் ரொட்டியும் கடைசியில், ஒரு வேளைக்கு மாவுச்சத்து 30 கிராமுக்குள். தே தாரிக்கை விடுங்கள். மற்ற பானங்களும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் கழித்துத்தான். இதில் அடங்காவிட்டால், மாவுச்சத்து செரிப்பதை மெதுவாக்கும் அகார்போஸ் மாத்திரை கொடுப்பது உண்டு. அதை மருத்துவர் எழுதட்டும்.

கட்டியா? அந்த வகைக் கட்டி பெரும்பாலும் வெறும் வயிற்றில், விடியற்காலையில் சர்க்கரையை இறக்கும். உங்களுக்கு அப்படி வந்தால் மட்டும் அதைத் தேடுவோம். முடிக்கு இரத்தத்தில் ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), துத்தநாகம் முதலில் பாருங்கள், எண்ணெய் மாற்ற வேண்டாம்.

கிளினிக்கில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனையை எழுதினால், பைபாஸ் செய்திருப்பதைச் சொல்லி மறுத்துவிடுங்கள். உங்களுக்கு ஏற்றது சாப்பாட்டோடு செய்யும் சோதனை. அதை அறுவை செய்த குழுவிடம் கேளுங்கள்.