வெறுங்கையோடு போகலாமா?

கேள்வி: நண்பன் சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்கிறான். வரதட்சணை இல்லை, மண்டபத்தில் பிளாஸ்டிக் இல்லை. 'பரிசும் மொய்யும் தவிர்க்கவும்' என்றும் அழைப்பிதழில் போட்டிருக்கிறான். வெறுங்கையோடு போக மனம் ஒப்பவில்லை. இயற்கைக்கு உகந்த பரிசு ஒன்று சொல்லுங்களேன்.
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம் என்று அவர் எழுதியது மரியாதைக்காக அல்ல, வேண்டாம் என்பதால்தான். மொய் என்றால் திருப்பிச் செய்யவேண்டிய கடன். நீங்கள் ஒருவர் பொட்டலத்தோடு மேடையேறினால், சொன்னபடி வந்த அடுத்தவர் கூசி நிற்பார்.

'இயற்கைப் பரிசு' என்பதிலும் கவனம் வேண்டும். மரக்கன்று பெரும்பாலும் கறுப்பு பாலித்தீன் பையில்தான் வரும். மாப்பிள்ளை வாங்கி மண்டப மூலையில் வைத்தால் தண்ணீரின்றி வாடும். பூங்கொத்தைச் சுற்றிய பளபளப்புத் தாளும், காம்பைச் செருகும் பச்சை நுரைக்கட்டியும் மக்காதவை. துணிபோலத் தெரியும் நெய்யாத பை உண்மையில் பாலிப்ரொப்பிலீன். தமிழ்நாட்டில் 1.1.2019 முதல் தடைசெய்யப்பட்ட பொருள்களில் அதுவும் ஒன்று. உள்ளே பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் அதே பட்டியலில் உண்டு.

சுயமரியாதைத் திருமணத்துக்கு இந்து திருமணச் சட்டத்தில் 1967 தமிழ்நாட்டுத் திருத்தம் சேர்த்த 7-ஏ பிரிவு கேட்பது, உறவினர், நண்பர் அல்லது வேறு மனிதர்களின் முன்னிலை. மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம், தாலியும் கட்டலாம். ஏதேனும் ஒன்று போதும். ஆகவே நீங்கள் போய் நிற்பதே அந்தத் திருமணத்தின் ஓர் அங்கம். அது வெறுங்கை ஆகாது.

உண்மையில் உதவ நினைத்தால், எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை இன்றே சொல்லுங்கள். சமையல்காரர் நூறு பேருக்குச் சுமார் 10 கிலோ அரிசி என்று கணக்குப் போடுவார். 'குடும்பத்தோடு வர்றோம்' என்ற பதிலில் ஒருவரா நால்வரா என்பது தெரியாது. அதனால் கூடுதலாக உலை வைப்பார். வர முடியாமல் போனால் இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். காய்கறி வாங்கி, மாவும் ஆட்டியபின் சொல்லிப் பயனில்லை.

பந்தியில், வேண்டாததைக் கரண்டி இலைக்கு வருமுன்னே மறுத்துவிடுங்கள். பாத்திரத்தில் மிஞ்சியது கெடுமுன் கொடுத்தால் இன்னொருவர் பசியாறும். இலையில் விழுந்தது யாருக்கும் போகாது. சாப்பிட்டு முடித்ததும் மிட்டாய்க் காகிதம், பாட்டில் மூடி எதையும் உள்ளே வைத்து இலையை மடிக்காதீர்கள். அப்படி மடித்தால் இலை எடுக்கும் பெண்கள் ஒவ்வொன்றையும் கையால் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். அவர்கள் கண்ணில் படாமல் போனால் மாட்டின் வயிற்றுக்குப் போகும். பிளாஸ்டிக் முதல் இரைப்பையிலேயே தங்கித் திரண்டுவிடும். அந்தப் பெண்களும் சமையல்காரர்களும் உங்கள் பந்தியிலேயே உட்காரக்கூடும். பக்கத்து இலை அவர்களுடையது என்றால் நகர்ந்து உட்கார இடம் தேடாதீர்கள்.

இன்னொன்று, திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும். தவறினால் அடுத்த 60 நாட்களுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. பதிவு அலுவலகத்துக்கு வேலைநாளில் வரச் சாட்சி கிடைப்பது சிரமம். 'அடையாள அட்டையோடு நான் வர்றேன்டா, தேதியை மட்டும் சொல்லு' என்று நண்பரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.