பழைய பைத்தானை அழிக்கச் சொல்பவரிடம் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரியில் பைத்தான் என்ற நிரல்மொழியின் 3.12 பதிப்பு இருந்தே ஆக வேண்டும் என்கிறார்கள். அவளுடைய லேப்டாப்பில் இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் உபுண்டு 22.04, அதில் பைத்தான் 3.10தான் இருக்கிறது. மதுரையில் ஒரு கடையில் கேட்டேன். பழையதை அழித்துவிட்டு சோர்ஸ் கோடில் இருந்து புதிதாகப் போட வேண்டும், 2,500 ரூபாய் ஆகும் என்றார்கள். கொடுக்கலாமா? – திருமங்கலத்தில் இருந்து ஒரு தந்தை.

பதில்: கொடுக்க வேண்டாம். லேப்டாப் ஏற்கெனவே அந்தக் கடையில் இருந்தால், முதலில் போய் வாங்கி வந்துவிடுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

பணத்தைவிட எனக்குப் பயம் தருவது 'பழையதை அழித்துவிட்டு' என்ற வார்த்தைதான். அந்த 3.10 உங்கள் மகளுக்காக வைத்தது இல்லை, உபுண்டு தன் சொந்த வேலைக்காக வைத்திருப்பது. அதன் உள்வேலைகளில் பலவும் அந்த பைத்தானை நம்பித்தான் ஓடுகின்றன. அழிக்கச் சொன்னால், அதை நம்பியிருக்கும் மற்றவற்றையும் சேர்த்தே பிடுங்கி எடுத்துவிடும். அழிக்காமல், பைத்தான்3 என்ற கட்டளைப் பெயரைப் புதியதன் பக்கம் திருப்பிவிட்டாலும் வம்புதான். போன வருடம் சிம்மக்கல் பக்கமிருந்து ஒரு பையன் அப்படிப்பட்ட லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். கட்டளைகளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலின் படத்தைத் தட்டினால் ஒரு வட்டம் சுற்றும், மறைந்துவிடும், அவ்வளவுதான். உபுண்டுவில் டெர்மினலைத் திறந்துவிடுவதே ஒரு சின்ன பைத்தான் நிரல் என்பது, அதை அப்படி ஆக்கிக் கொடுத்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு அவரே, 'சிஸ்டம் கரப்ட் ஆகிவிட்டது, ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று தனியாக ஒரு ரேட் சொல்லியிருக்கிறார். இப்படிச் செய்பவர்களில் நான் பார்த்த முதல் ஆளும் அவர் இல்லை.

சரி, சோர்ஸ் கோடில் இருந்து போடுவது, அதாவது மூலநிரலை நம் லேப்டாப்பிலேயே ஓடும் நிரலாகக் கட்டுவது, என்றால் என்ன? கடையில் மாவு பாக்கெட் வாங்குவதற்குப் பதிலாக நாமே ஊறவைத்து அரைப்பதுதான். பைத்தான் டாட் ஓஆர்ஜி தளத்தில் மூலநிரல் இலவசம், ஏறக்குறைய 20 எம்பி. யாரோ கொடுக்கும் பென்டிரைவில் இருந்து எடுக்காதீர்கள். அதை விரித்து, அந்த ஃபோல்டருக்குள் நின்று மூன்று கட்டளைகள் கொடுக்க வேண்டும்: கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். கான்ஃபிகர் கொடுக்கும்போதே 'ப்ரிஃபிக்ஸ்' என்று ஒரு இடம் குறிக்கலாம். அங்கே மகளின் ஹோம் ஃபோல்டருக்குள் 'பைத்தான்312' என்று ஒரு தனி ஃபோல்டரைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டாம் ஆண்டுப் பெண்ணுக்கு இவ்வளவு சொன்னால் போதும். அதன்பின் புது பைத்தான் போய் உட்காருவது அந்த ஃபோல்டருக்குள் மட்டுமே. கடைசிக் கட்டளைக்கு அட்மின் அதிகாரம் தரும் சூடோவும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். பிடிக்கவில்லையா, ஃபோல்டரை அழித்தால் போதும். இடம் குறிக்காமல் விட்டால் சிஸ்டத்துக்குள் போய்ச் சிதறி உட்காரும். பைத்தானின் மூலநிரலில் 'மேக் அன்இன்ஸ்டால்' என்று ஒன்று கிடையாது, ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியதுதான்.

மேக் கொடுத்ததும் திரையில் எழுத்துகள் மடமடவென்று ஓடும். கடைக்காரர் 2,500 கேட்கிற தைரியமே அந்த ஓட்டத்தைப் பார்த்து நாம் மிரள்வதில் இருந்து வருவதுதான். அது தானாக ஓடும், அவர் டீ குடித்துவிட்டு வரலாம். நடுவில் கரண்ட் போய் லேப்டாப் அணைந்தாலும் குடி முழுகிவிடாது. திரும்ப மேக் கொடுத்தால் பெரும்பாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரும். பைத்தானை வேகமாக்கும் 'ஆப்டிமைசேஷன்' சேர்த்தால்தான் நல்லது என்று யாராவது சொல்வார்கள். அதைச் சேர்த்தால் ஒருமுறை கட்டி, ஓட்டிப் பார்த்து, மறுபடியும் கட்டும். பழைய லேப்டாப்பில் மணிக்கணக்கில் இழுக்கும். கல்லூரிப் பாடத்துக்கு அது தேவையே இல்லை.

திரும்ப முதலில் இருந்து செய்ய வேண்டிய சந்தர்ப்பம் ஒன்றே ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கான்ஃபிகருக்கு முன்பே சில பொருட்கள் உபுண்டுவில் இருக்க வேண்டும்: பில்ட்-எசென்ஷியல், லிப்எஸ்எஸ்எல்-டெவ், ஜீலிப்1ஜி-டெவ், லிப்எஃப்எஃப்ஐ-டெவ், லிப்எஸ்க்யூலைட்3-டெவ். சூடோ வேண்டியது இவற்றை உபுண்டுவில் மென்பொருள் இறக்கும் கருவியான ஆப்ட் வழியாக எடுக்க மட்டும்தான். இதில் லிப்எஸ்எஸ்எல்-டெவ்வை மறந்தால் எல்லாம் ஒழுங்காக முடிந்தது போலவே இருக்கும், பைத்தானும் திறக்கும், இரண்டும் இரண்டும் நாலு என்றுகூடச் சொல்லும். பைத்தான் தொகுப்புகளை இறக்கும் பிப் வைத்து, நம்பை என்ற கணக்குத் தொகுப்பை இறக்கப் போகும்போதுதான், பாதுகாப்பான இணைய இணைப்புக்கான எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லை என்று திட்டும். உடனே அந்தப் பொருளை மட்டும் போட்டுவிட்டுத் திரும்ப முயற்சிப்பார்கள், அப்போதும் அதே திட்டு. மாவு அரைத்து முடித்தபின் உளுந்தை மேலே தூவினால் இட்லி வருமா? கான்ஃபிகரில் இருந்து மறுபடி அரைக்க வேண்டும். மேக் முடிகிற இடத்தில் எந்தெந்த மாட்யூல் கட்டப்படவில்லை என்று நாலு வரியில் பட்டியல் வரும். ஓடிப்போன ஆயிரம் வரியை விட்டுவிட்டு, மகளை அந்த நாலு வரியைப் படிக்கச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு கல்லூரியில் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: 3.12 எதற்கு? 22.04 வந்தது 2022 ஏப்ரலில், பைத்தான் 3.12 வந்ததோ 2023 அக்டோபரில். அதில் எப்படி இருக்கும்? இரண்டாம் ஆண்டு லேபில் எழுதும் பட்டியல், ஃபைல், கிளாஸ் நிரல்கள் 3.10-இலேயே ஓடும். லேப் மேனுவலில் யாரோ ஒரு எண்ணை அச்சடித்துவிட்டார்கள், அதற்காக மாணவர் வீட்டில் எல்லோரும் கடை கடையாக ஏற வேண்டியிருக்கிறது. உபுண்டு 24.04-க்கு மாறினால் 3.12 கூடவே வரும் என்பதும் உண்மைதான், ஆனால் செமஸ்டர் நடுவில் அந்த வேலை வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் டெர்மினலில் வெறும் பைத்தான்3 என்று அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 3.10 என்றுதான் வர வேண்டும். புது ஃபோல்டருக்குள் பின் என்ற உள்ஃபோல்டரில் இருக்கும் பைத்தான்3.12-ஐ முழு முகவரியோடு அழைத்தால் 3.12 என்று வரும். லேப் வேலைக்கு இந்த இரண்டாவதை வைத்து ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட், அதாவது லேப் தொகுப்புகளுக்கென்று ஒரு தனி இடம், போட்டுக்கொள்ளட்டும்.