உப்பும் வனேடியமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடலூர் முதுநகரில் என் சித்தப்பாவின் கொல்லுப்பட்டறையில், பழைய லாரியின் வில் பட்டைகள் இரண்டை ஒரே உலையில் காய்ச்சி அரிவாள் அடித்தோம். எண்ணெயில் தோய்த்து, மறுபடி இளஞ்சூடு காட்டிய பிறகும், ஒன்று தென்னை மட்டையை வெட்டும்போதே முறிந்தது. முறிந்த முகம் சர்க்கரையாய் மின்னியது. மற்றதை வேண்டுமென்றே உடைத்தோம். விபூதியை அழுத்தி வைத்தாற்போல் இருந்தது. சோதித்ததில், இரண்டாவதில் 1 சதவீத அளவு குரோமியமும் 0.15 சதவீத வனேடியம் என்ற உலோகமும் இருந்தன. முதலாவது வெறும் சிலிக்கன், மாங்கனீசு எஃகு. இத்துணூண்டு வனேடியம், குழம்பில் உப்பைப் போல, இவ்வளவு செய்யுமா?

அன்புள்ள நண்பருக்கு,

உப்பு கரைந்தால்தான் குழம்பு ருசிக்கும். வனேடியமோ கரையாமல் நிற்கும்வரைதான் அரிவாளைக் காக்கும். எஃகு சிவக்கக் காயும்போது அதன் உள்ளமைப்பு ஆஸ்டெனைட் என்னும் படிகமணிகளாக மாறுகிறது. சூடு ஏற ஏற, பெரிய மணிகள் அண்டையிலுள்ள சிறியவற்றை விழுங்கி வளர்கின்றன. வனேடியம் எஃகிலுள்ள கரியோடு சேர்ந்து, மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே இருக்கும் கார்பைடு துகள்களாகி, அந்த மணிகளின் எல்லைகளை நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. எடையில் ஆயிரத்துக்கு ஒன்றரைப் பங்குதான் என்றாலும், அவ்வளவு பொடியாகப் பிரிந்த பிறகு துகள்களின் எண்ணிக்கைக்குக் கணக்கில்லை. மணி சிறுத்தால் வலிமையும் கூடும், முறியாத தன்மையும் கூடும். மணியின் விட்டத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் வலிமை ஏறுவதை உலோக ஆய்வாளர்களான ஹால் 1951இலும் பெட்ச் 1953இலும் காட்டினார்கள். குரோமியத்தின் வேலை வேறு. எண்ணெயில் தோய்ப்பதால் வரும் கடினம் உள்வரை இறங்க அது உதவுகிறது.

ஆனாலும் முதல் பட்டையின் மேல் பழி போட எனக்கு மனமில்லை. திறந்த பட்டறையில், நடுப்பகல் வெளிச்சத்தில், இரும்பின் சிவப்பு மங்கலாகவே தெரியும். "இன்னும் காயட்டும்" என்று விட்டுவிடுவோம், நிழலில் பார்த்தால் அது ஆரஞ்சுக்கே போயிருக்கும். சூடு 1000 டிகிரி செல்சியசைத் தாண்டியிருந்தால் வனேடியம் கார்பைடும் கரைந்து, இரண்டாவது பட்டையும் சர்க்கரையாகியிருக்கும். உங்கள் உலை அதுவரை போகவில்லை என்பதற்கு அந்த விபூதி முகமே சாட்சி.

முறிந்த துண்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பொழுது சாய்ந்தபின், காந்தம் ஒட்டாமல் போகும் சூட்டுக்குச் சற்று மேலே காய்ச்சி, எண்ணெய் காட்டாமல் காற்றில் ஆறவிடுங்கள்; இப்படி மூன்று முறை. ஒவ்வொரு முறையும் பழைய மணிகள் அழிந்து புதியவை சிறிதாக முளைக்கும். அதன்பின் அதே சூட்டில் தோய்த்து, ஓர் ஓரத்தை உடைத்து முகத்தைப் பாருங்கள். சித்தப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.