மகன் குவாட்டர்பேக் ஆகட்டும், 12ஆம் வகுப்புப் பாடங்களை முதலில் பாருங்கள்

அக்கா, மகன் பள்ளி ஃபுட்பால் அணியில் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்), "இதுதான் என் வேலை" என்று நிற்கிறான், பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பயம் நியாயம்தான், ஆனால் ஆட்டத்தை நிறுத்திவிடாதீர்கள்.

கனடாவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான சிஎஃப்எல்லில் 9 அணிகள்தான். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று குவாட்டர்பேக், களத்தில் இறங்குவது ஒருவர். அந்த ஒருவரும் பெரும்பாலும் அமெரிக்கர், ஏனென்றால் அணியில் இத்தனை கனடியர் இருக்கவேண்டும் என்ற விதியில் இந்த இடத்தைப் பல வருடம் சேர்க்கவே இல்லை.

கனடியக் குவாட்டர்பேக் நேதன் ரூர்க்கைப் பாருங்கள். ஒன்ராறியோவின் ஓக்வில்லில் வளர்ந்த பிள்ளை. 12ஆம் வகுப்புக்கே அமெரிக்காவில் அலபாமா போனான், அப்புறம் கன்சாஸில் ஒரு சிறிய கல்லூரி, அதற்குப் பிறகுதான் ஒஹாயோ பல்கலைக்கழகம். 2020இல் சிஎஃப்எல் அணியான பி.சி. லயன்ஸ் எடுத்தது, அந்த வருடம் கொரோனாவால் ஆட்டமே நடக்கவில்லை. 2021 முழுக்கப் பெரும்பாலும் ஓரத்தில் நின்றான். 2022இல் இடம் கிடைத்து எல்லோரும் அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, ஆகஸ்டில் பாதத்தில் காயம், அறுவைச் சிகிச்சை. இருந்தும் அந்த ஆண்டின் சிறந்த கனடிய வீரர் விருது அவனுக்குத்தான். இவ்வளவு திறமை உள்ளவனுக்கே பாதை இப்படி என்றால், நம் பிள்ளை கையில் இன்னொன்றும் இருக்கத்தான் வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தவர் ரஸ் ஜாக்சன், அவரும் கனடியக் குவாட்டர்பேக். மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர், 1958 முதல் 1969 வரை ஒட்டாவா அணிக்கு ஆடினார், ஆடிக்கொண்டே பள்ளியில் படிப்பித்தார். கடைசி ஆட்டம் 1969இல் சிஎஃப்எல் கோப்பையான கிரே கப்பின் இறுதி, அதில் 4 டச்டவுன் (புள்ளி தரும்) பாஸ் எறிந்து வென்றுவிட்டு ஓய்வு பெற்றார். பிறகு பள்ளி அதிபராகவும் இருந்தார். ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வது என்று அவர் தேடவேண்டி இருக்கவில்லை.

சரி, இப்போது செய்யவேண்டியது. ஒன்ராறியோ பல்கலைக்கழகம் எதுவானாலும் 12ஆம் வகுப்பில் யூ (பல்கலைக்கழகத்துக்கானது) அல்லது எம் (பல்கலைக்கழகம், கல்லூரி இரண்டுக்குமானது) பிரிவுப் பாடம் ஆறு வேண்டும். பயிற்சிக்கு நேரம் வேண்டும் என்று பிள்ளைகள் இலகுவான பாடத்துக்கு மாறுவது இங்கேதான், அப்படி மாறினால் பல்கலைக்கழக அணிக்கான கதவும் சேர்ந்தே மூடிவிடும். அமெரிக்காவில் முதல்நிலை (டிவிஷன் 1) கல்லூரி அணி என்றால் 9ஆம் வகுப்பிலிருந்து 16 அடிப்படைப் பாடங்களைக் கணக்கில் எடுப்பார்கள். பயிற்சியாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: தலையில் அடிபட்டால் யார் பார்ப்பார், எத்தனை நாள் வெளியே வைப்பீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு அணி பார்ப்போம்.

மகனின் அடுத்த வருடப் பாடத் தெரிவை எனக்கு அனுப்புங்கள், அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவோம்.