பகைக்குக் காரணம் தண்ணீராகவே இருக்கட்டும்

வணக்கம் நண்பரே. 1785இல் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் நடக்கும் உங்கள் நாவலில், இரண்டு சுரங்கக் குடும்பங்களுக்கும் இடையிலான எல்லைத் தகராறு வலுவாக இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பகையை நிலத்துக்கு அடியில் கொண்டுபோங்கள். அங்கே செம்புச் சுரங்கங்களுக்குப் பெரிய எதிரி தண்ணீர். பக்கத்துச் சுரங்கக்காரர் இறைப்பதை நிறுத்தினால் அந்த நீர் இவர் சுரங்கத்துக்குள் இறங்கும். நீரை இறைக்கிற ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரத்துக்கோ, பழைய எந்திரத்தைவிட மிச்சமாகும் நிலக்கரிச் செலவில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கட்டவேண்டும். போதாததற்கு, வேல்ஸின் ஆங்கிள்சி தீவிலிருந்து வந்த மலிவான செம்பு விலையைச் சரித்திருந்த காலம் அது. கடனில் தத்தளிக்கும் ஒருவர் எந்திரத்தை நிறுத்துகிறார், அடுத்தவர் மூழ்குகிறார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

ரகசியக் கல்யாண அத்தியாயத்தை மட்டும் மாற்றியே ஆகவேண்டும். பெண்ணுக்கு 19 வயது என்கிறீர்கள். 1754இல் அமலுக்கு வந்த சட்டப்படி கல்யாணத்தைத் தேவாலயத்தில் மூன்று ஞாயிறுகள் அறிவிக்கவேண்டும். 21 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் எழுந்து தடுத்துவிடலாம். அறிவிப்பு இல்லாமல் மணக்க உரிமம் வாங்கவும் தகப்பன் சம்மதம் தேவை. அந்தச் சட்டம் செல்லாத ஸ்காட்லாந்தோ வெகு தூரம். ஆங்கிலக் கால்வாயில் உள்ள குவெர்ன்சி தீவிலும் அந்தச் சட்டம் செல்லாது. கார்ன்வால் கரையிலிருந்து கடத்தல் படகுகள் அங்கே போய்வந்துகொண்டிருந்தன. ஜோடியை அதில் ஏற்றிவிடுங்கள்.